பழைய ஆடையும் புதிய மதிப்பும்: இலண்டன் மாநகரின் கந்தைச் சந்தைகள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

1

ஆடையின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் புதிய ஆடையின் வரலாற்றையே எழுதிவந்துள்ளனர். அரசவையில் எப்பாணி தோன்றியது, அது பிரபுக்களிடமிருந்து வணிக வகுப்பினரிடத்து எவ்வாறு பரவியது, எந்த ஆண்டில் எது கைவிடப்பட்டது என்பனவே அவர்களின் கவனத்தைப் பெற்றன. ஆயின், ஐரோப்பிய நகரங்களில் வாழ்ந்த பொதுமக்களில் மிகப் பலர் நெடுங்காலமாகப் பிறர் உடுத்துக் கழித்த உடைகளையே உடுத்தனர். அவர்களைப் பொறுத்தவரையில், புத்தாடை வாழ்நாளிற் சில தடவைகள் மாத்திரமே கிட்டிய பொருளாகும். பாவித்த உடைகளின் விற்பனையை விலக்கிவிட்டு நகர மக்களின் உடை வரலாற்றைக் கூறமுடியாது.

இலண்டன் மாநகரின் கிழக்கே பிறிக் ஒழுங்கையிலும், வடக்கே கம்டனிலும், மேற்கே போற்றபெல்லோ வீதியிலும் பழைய உடைகளை விற்கும் கடைகள் பல இன்று உள்ளன. அங்கு செல்வோர் வறுமையின் பொருட்டுச் செல்வோரல்லர். மாணவர், ஓவியர், இசைக் கலைஞர், வெளிநாட்டு உல்லாசப் பயணிகள் எனப் பலரும் நாகரிகத்தின் பொருட்டே அக்கடைகளை நாடுகின்றனர். 1930களிலே தைத்த ஓர் இராவுடையோ, 1950களின் தோற் சட்டையொன்றோ, அதே வகைப் புத்தாடையிலும் பார்க்கக் கூடிய விலைக்கு விற்கப்படுவதுண்டு. இவ்வகை உடைகளுக்கு ‘விண்டேஜ்’ என்னும் பெயர் வழங்குகின்றது. குறித்த ஓராண்டின் திராட்சை அறுவடையையும் அதிலிருந்து பெறப்பட்ட மதுவையும் குறித்த இச்சொல், பின்னர் பழைய மோட்டார் வாகனங்களுக்கு ஆகிவந்தது. 1934ஆம் ஆண்டில் இங்கிலாந்திலே அத்தகைய வாகனங்களைப் பேணுவோர் இப்பெயரால் ஒரு கழகம் நிறுவினர். பழைய உடைக்கு இப்பெயர் சூட்டப்பட்டது அதற்கும் பிற்பட்ட காலத்திலாகும்.

கந்தை எனப்பட்டது எவ்வாறு காலத்தால் முதிர்ந்த மதுவுக்கு ஒப்பானதாயிற்று என்பதே இங்கு ஆராயப்படும் வினாவாகும். ரசனையின் மாற்றமென்று கூறிவிடுவது எளிது. ஆனால், ரசனை ஏன் மாறியது என்ற வினா அப்பொழுதும் எஞ்சி நிற்கும். பழைய ஆடையின் மதிப்பு எக்காலத்திலும் புதிய ஆடையின் உற்பத்தி முறையைச் சார்ந்தே அமைந்துள்ளது என்பதையும், அதனை அணிவோர்க்கு வேறொன்றை அணியும் வாய்ப்பு உண்டா என்பதே அது இழிவாகுமா அழகாகுமா என்பதைத் தீர்மானித்துள்ளது என்பதையும் இலண்டனின் வரலாறு தெளிவுறுத்தும்.

2

பதினாறாம் பதினேழாம் நூற்றாண்டுகளில் துணி விலையுயர்ந்த பொருளாகும். நூற்பும் நெசவும் கையாலேயே நடைபெற்றன. ஒரு நெசவாளியின் தறிக்கு வேண்டிய நூலை வழங்கப் பல பெண்கள் இராட்டையருகே உழைக்க வேண்டியிருந்தது. எனவே, நல்ல கம்பளி அங்கியொன்று கையிற் பணம் வைத்திருப்பதற்கு ஒப்பானது. மரண சாசனங்களிலே வீடும் நிலமும் போல அங்கிகளும் பெயர் குறித்துப் பங்கிடப்பட்டன. எசமானர் கழித்த உடை ஊழியருக்குக் கிடைக்கும் ஊதியத்தின் ஒரு பகுதியாகக் கருதப்பட்டது.

1599ஆம் ஆண்டில் இலண்டனுக்கு வந்த தோமஸ் பிளாற்றர் என்னும் சுவிற்சர்லாந்துப் பயணி, அங்குள்ள நாடக நடிகர்கள் மிகச் சிறந்த ஆடைகளை அணிந்திருந்தமைக்கான காரணத்தைக் குறித்துவைத்துள்ளார். பிரபுக்கள் இறக்கும்போது தம் உயர்ந்த உடைகளை ஊழியருக்கு விட்டுச்செல்வர் என்றும், தமக்குப் பொருந்தாத அவ்வுடைகளை ஊழியர் நடிகருக்குச் சிறு தொகைக்கு விற்றுவிடுவர் என்றும் அவர் கூறுகின்றார். அக்காலத்திற் பெயர்பெற்ற அரங்க உரிமையாளரான பிலிப் ஹென்ஸ்லோ அடகு பிடிக்கும் தொழிலையும் நடத்தியவர் என்பது இவ்விடத்து நினைவுகூரத்தக்கது. இன்ன தரத்தார் இன்ன துணியையே அணியலாம் என விதித்த ஆடைச் சட்டங்கள் 1604ஆம் ஆண்டு வரையில் இங்கிலாந்தில் நடைமுறையிலிருந்தன. அவற்றை மீறியே உடைகள் கைமாறின. பிரபுவின் பட்டங்கி மேடையேறி அரசனாக நடித்தவனின் உடலைச் சேர்ந்தது. பழைய உடைச் சந்தை, சமூகப் படிநிலையின் அடையாளங்களை விலைக்கு விற்ற இடமாயிற்று. அதிகாரத்திலிருந்தோர் அதனை ஐயத்துடன் நோக்கியமைக்கு இதுவும் ஒரு காரணமாகும்.

மற்றொரு காரணம் களவு. எளிதில் எடுத்துச்செல்லக்கூடியதும் எங்கும் விற்கக்கூடியதுமான பொருளாகையால், துணியும் உடையும் திருடரின் முதன்மையான இலக்குகளுள் அடங்கின. பதினேழாம் பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கில உடை வணிகத்தை ஆராய்ந்த பெவர்லி லெமயர், களவும் அடகும் பழைய உடை விற்பனையும் ஒன்றோடொன்று பிணைந்திருந்தமையை எடுத்துக்காட்டியுள்ளார். திறந்த சந்தையிற் பகலொளியில் நல்லெண்ணத்துடன் வாங்கப்பட்ட பொருள், களவுப் பொருளாயினும் வாங்கியவனுக்கே உரியதாகும் என்ற பழைய ஆங்கிலச் சட்ட விதி 1995ஆம் ஆண்டின் தொடக்கத்திலேதான் முற்றாக நீங்கியது என்பது வியப்புக்குரிய செய்தியாகும்.

இக்காலத்து உடையின் மதிப்பு உற்பத்தியோடு எத்துணை நெருக்கமாகப் பிணைந்திருந்தது என்பதற்குச் சோழமண்டலக் கரைத் துணிகளின் கதை சான்றாகும். கிழக்கிந்தியக் கம்பனி அக்கரையிலிருந்தும் குஜராத்திலிருந்தும் வங்காளத்திலிருந்தும் கொண்டுசென்ற வண்ணப் பருத்தித் துணிகள் இலண்டன் பெண்களின் விருப்பத்திற்குரியனவாயின. இதனாற் பிழைப்பிழந்த ஸ்பிற்றல்பீல்ட்ஸ் பட்டு நெசவாளர் 1719ஆம் ஆண்டிலே தெருக்களில் அத்துணி அணிந்து சென்ற பெண்களைத் தாக்கி, அவர்தம் உடைகளைக் கிழித்தனர். 1721ஆம் ஆண்டுச் சட்டம் அத்தகைய அச்சுப் பருத்தித் துணிகளை அணிவதையே தடைசெய்தது. அத்தடை 1774 வரையில் நீடித்தது. அன்று தெருவிலே கிழித்தெறியப்பட்ட வகைத் துணிகள் இன்று விக்ரோரியா அல்பேர்ட் நூதனசாலையின் கண்ணாடிப் பேழைகளுள் வைத்துப் பேணப்படுகின்றன. ஸ்பிற்றல்பீல்ட்ஸின் பட்டுத்தறிகளும் இன்று இல்லை. அந்நெசவாளர் வாழ்ந்த தெருக்களுக்கு அண்மையிலேயே இன்றைய பழைய உடைக் கடைகள் அமைந்துள்ளன.

3

பதினெட்டாம் நூற்றாண்டிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியிலும் இலண்டனின் பழைய உடை வணிகம் உச்சநிலையை எய்தியது. கோபுரக் கோட்டைக்கு அண்மையில் றோஸ்மேரி ஒழுங்கையில் நடைபெற்ற சந்தை ‘கந்தைச் சந்தை’ என்றே பெயர் பெற்றது. ஸ்மித்பீல்டுக்கு அருகிலுள்ள நீண்ட ஒழுங்கை, பெற்றிக்கோற் ஒழுங்கை, ஹவுண்ட்ஸ்டிச், மொன்மவுத் வீதி என்பன பிற நிலையங்களாகும். இவை ஒவ்வொன்றும் தனித்தனித் தரத்தாரை நோக்கியிருந்தன. மொன்மவுத் வீதியில் ஓரளவு நல்ல உடை கிடைக்கும்; கந்தைச் சந்தையிற் சில பென்சுகளுக்கு உடலை மூட ஏதேனும் கிடைக்கும்.

மொன்மவுத் வீதியைப் பற்றிச் சார்ள்ஸ் டிக்கின்ஸ் தமது தொடக்ககாலக் கட்டுரையொன்றில் எழுதியுள்ளார். அது 1836இல் நூலுருப் பெற்ற அவரது சித்திரங்களுள் அடங்குகின்றது. கடை வாசலில் வரிசையாகத் தொங்கும் உடைகளைக் கண்ட அவர், அவை அனைத்தும் ஒருவனுக்கே உரியனவாக இருந்தன எனக் கற்பித்துக்கொண்டு, சிறுவனாயிருந்த காலந்தொட்டு அவன் சீரழிந்தது வரையுமான வாழ்க்கையை அவற்றிலிருந்து ஊகிக்கின்றார். பழைய உடையொன்றைக் கையிலெடுத்து, இதனை உடுத்தவர் யாராயிருக்கலாம் என எண்ணிப் பார்க்கும் இன்பம் இன்றைய நாகரிக வாடிக்கையாளரின் கண்டுபிடிப்பன்று என்பதை இக்கட்டுரை காட்டும். ஆயினும் ஒரு வேறுபாடுண்டு. டிக்கின்ஸ் அவ்வுடையை வாங்கி அணியவில்லை. அவர் காலத்தில் அதனை வாங்கியோர், அணிந்தவனின் கதையை எண்ணிப் பார்த்தோரல்லர். குளிர்காலத்தைக் கழிப்பது எவ்வாறு என்பதை எண்ணியோராவர். அந்த வீதியும் பின்னர் மறைந்தது. 1880களிற் சாவ்ற்ஸ்பரி பெருந்தெரு அமைக்கப்பட்டபோது பழைய மொன்மவுத் வீதி அதனுள் அடங்கிற்று.

இவ்வணிகம் பற்றிய மிக விரிவான சான்றை விட்டுச்சென்றவர் ஹென்றி மேயூ என்னும் பத்திரிகையாளர். 1849ஆம் ஆண்டு முதல் அவர் பத்திரிகைக்கு எழுதிய கட்டுரைகளும், 1851 தொடக்கம் வெளிவந்த அவரது பெருநூலும் இலண்டனின் தெருவோர உழைப்பாளரை அவர்தம் வாய்மொழியாகவே அறிமுகஞ் செய்தன. அவற்றிலிருந்து இவ்வணிகத்தின் முழுச் சங்கிலியையும் அறிந்துகொள்ளலாம். வீடு வீடாகச் சென்று பழைய உடை சேகரிப்போர் முதற் படியினர். பணத்திற்குப் பதிலாகப் பீங்கான் பாத்திரங்களைக் கொடுத்து உடையைப் பெற்றுக்கொள்வோரும் இவர்களுள் இருந்தனர். சேகரித்தவை பிற்பகலில் ஹவுண்ட்ஸ்டிச்சிலிருந்த பழைய உடைப் பரிவர்த்தனை நிலையத்தைச் சென்றடையும். அங்கே தரம் பிரித்து வாங்கிய வணிகர், அவற்றைத் திருத்துவோரிடம் ஒப்படைப்பர். கிழிசலைத் தைத்து ஒட்டுப் போடுவோர் ஒரு சாரார். வெளிறிய கறுப்புத் துணிக்குச் சாயமேற்றிப் புத்துயிர் கொடுப்போர் மற்றொரு சாரார். பழைய சப்பாத்துகளைப் பிரித்து வேறு சப்பாத்தாக மாற்றுவோரை ‘மொழிபெயர்ப்பாளர்’ என அத்தொழிலார் அழைத்தனர் என்று மேயூ குறிப்பிடுகின்றார். திருந்திய உடைகளில் ஒரு பகுதி இலண்டனிலும், பெரும் பகுதி அயர்லாந்து முதலிய நாடுகளிலும் விலைப்பட்டது. எதற்கும் உதவாத கம்பளிக் கந்தைகள் யோர்க்சயருக்குச் சென்றன. அங்கே பற்லி என்னும் ஊரிலே 1813ஆம் ஆண்டளவில் பெஞ்சமின் லோ என்பவர் கந்தையைப் பிய்த்துப் புதுக் கம்பளியோடு கலந்து மீண்டும் நூற்கும் முறையைக் கண்டறிந்திருந்தார். பருத்தியும் லினனும் கடதாசி ஆலைகளைச் சேர்ந்தன. வீணாக எறியப்பட்டது மிகச் சிறிதே.

இத்தொழிலிற் பெருந்தொகையினராக ஈடுபட்டோர் யூதர்கள் என்பது கவனத்திற்குரியது. நிலவுடைமை, தொழிற் சங்கக் கட்டுப்பாடுகள், சமய வேற்றுமை ஆகியவற்றால் வேறு பல தொழில்கள் அடைபட்டிருந்த மக்களுக்குச் சிறு முதலுடன் தொடங்கக்கூடிய இத்தொழில் கதவு திறந்தது. பல தொப்பிகளை ஒன்றன்மேலொன்றாகத் தலையில் அடுக்கி, தோளிற் பையுடன் கூவிச் செல்லும் பழைய உடைக்காரனை அக்காலக் கேலிச் சித்திரக்காரர் திரும்பத் திரும்ப வரைந்தனர். நகரத்திற்கு இன்றியமையாத பணியொன்றைச் செய்தவர்களே நகரத்தின் ஏளனத்துக்கு இலக்காயினர். பிற்காலத்தில் அயர்லாந்தின் ஏழைகளும் இத்தொழிலிற் புகுந்தனர். ஒரு சிலர் இதிலிருந்து உயர்ந்ததும் உண்டு. 1851இற் கொவன்ற் காடின் பகுதியிற் பழைய உடைக் கடை தொடங்கிய மோசஸ் மொஸ் என்பாரின் குடும்பம், பின்னர் உயர்வகுப்பாருக்கு விழா உடைகளை வாடகைக்கு விடும் புகழ்பெற்ற தாபனத்தின் உரிமையாளராயிற்று.

அடகு வைத்தோரின் நிலையை அறிவதற்கு ஓர் உதாரணம் போதும். 1850களின் தொடக்கத்திற் சோகோ பகுதியின் டீன் வீதியில் வறுமையுற்று வாழ்ந்த கார்ல் மார்க்ஸ், தம் கோட்டுகள் அடகிலிருப்பதால் வெளியே செல்ல முடியவில்லை என 1852 பெப்ரவரியில் ஏங்கல்சுக்கு எழுதினார். கோட்டின்றிப் பிரித்தானிய நூதனசாலையின் வாசிப்பு மண்டபத்துக்குச் செல்வது இயலாது; அங்கு செல்லாவிடின் ஆய்வு நடைபெறாது. 1867இல் வெளியான ‘மூலதனம்’ நூலின் முதல் அத்தியாயத்திற் பண்டத்தின் மதிப்பை விளக்க அவர் எடுத்துக்கொண்ட உதாரணம் லினன் துணியும் ஒரு கோட்டும் ஆகும். இவ்விரண்டையும் இணைத்துப் பீற்றர் ஸ்ரலிபிறாஸ் 1998இல் எழுதிய கட்டுரை, உடையானது ஏழைக்கு ஒரே வேளையிற் சேமிப்பாகவும் மானமாகவும் இருந்தமையை நன்கு விளக்குகின்றது.

4

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதி இந்நிலையை மாற்றியமைத்தது. பொறித்தறிகள் துணியின் விலையை ஏலவே வீழ்த்தியிருந்தன. 1851இற் சிங்கர் தமது தையல் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். அதே பத்தாண்டின் இறுதியளவில் லீட்ஸ் நகரின் ஜோன் பரன் பல படைத் துணியை ஒருங்கே வெட்டும் பட்டிக்கத்தியைப் பயன்படுத்தலானார். ஆயத்த ஆடைகள் பெருகின. அவற்றைத் தைத்தோர் கிழக்கு இலண்டனின் நெரிசலான அறைகளிற் குறைந்த கூலிக்கு நெடுநேரம் உழைத்தனர். 1881இன் பின்னர் இரசியப் பேரரசிலிருந்து வந்து குடியேறிய யூதர் இவர்களுட் பலராவர். ‘வியர்வைத் தொழில் முறை’ எனப்பட்ட இக்கொடுமையை ஆராயப் பிரபுக்கள் சபை 1888இல் ஒரு குழுவை நியமிக்க வேண்டியிருந்தது.

புத்தாடை மலிந்தமையின் விளைவு இருவகைத்து. முதலாவதாக, உழைக்கும் மக்களுட் கூடிய பகுதியினர் புத்தாடை வாங்கும் நிலையை அடைந்தனர். இரண்டாவதாக, பழைய உடை வறியவருள்ளும் வறியவரின் அடையாளமாகச் சுருங்கியது. பலரும் பாவித்த உடையை உடுத்த காலத்தில் அதில் தனியான இழிவு இருந்ததில்லை. சிலர் மாத்திரமே அதனை உடுத்த வேண்டியேற்பட்டபோதுதான் இழிவு முழுமையுற்றது. ஞாயிறன்று ஆலயத்துக்குச் செல்லப் புதிய உடை ஒன்றேனும் வைத்திருத்தல் தொழிலாளர் குடும்பங்களின் மானப் பிரச்சினையாயிற்று.

பழைய உடை இவ்வாறு தாழ்ந்த அதே காலத்திலேயே அதன் உயர்வுக்கான வித்தும் ஊன்றப்பட்டது. தல்பட் ஹியூஸ் என்னும் ஓவியர், வரலாற்றுக் காட்சிகளைத் தீட்டுவதற்கு உதவியாகப் பழைய காலத்து உடைகளைச் சேகரித்துவந்தார். 1913ஆம் ஆண்டிலே ஹரட்ஸ் என்னும் பெருங்கடை அவற்றை விலைக்கு வாங்கி, தனது கடையிற் காட்சிப்படுத்திய பின்னர் விக்ரோரியா அல்பேர்ட் நூதனசாலைக்கு வழங்கியது. புதிய ஆடைகளை விற்கும் கடையே பழைய ஆடைகளை நூதனசாலைக்குள் அனுப்பிவைத்தமை ஆழ்ந்து நோக்கற்பாலது. மைக்கல் தொம்சன் 1979இல் எழுதிய ‘குப்பைக் கோட்பாடு’ என்னும் நூல் இதனைப் புரிந்துகொள்ள உதவும். பாவனைப் பொருளொன்று காலப்போக்கில் மதிப்பிழந்து குப்பை நிலையை அடைகின்றது. அந்நிலையில் எவர் கண்ணிலும் படாது கிடந்த பின்னரே, அவற்றுட் சில நிலைத்த மதிப்புடைய பொருள்களாக மீண்டெழுகின்றன என்பது அவரது கருத்து. பழைய உடை முதலிற் குப்பையாக வேண்டியிருந்தது. அதன் பின்னரே அது கலைப்பொருளாக முடிந்தது.

5

இரண்டாம் உலகப் போர் இம்மாற்றத்தை ஓரளவு தடுத்து நிறுத்தியது. 1941 யூன் 1ஆம் திகதி முதல் உடைகளுக்குக் கூப்பன் முறை நடைமுறைக்கு வந்து 1949 மார்ச் வரை நீடித்தது. முதலாண்டில் ஒருவருக்கு 66 கூப்பன்களே வழங்கப்பட்டன. பாவித்த உடைக்குக் கூப்பன் வேண்டியதில்லை. உள்ளதைத் திருத்தி உடுத்துமாறு அரசாங்கமே 1943இற் கைந்நூல் வெளியிட்டது. உயர்குடிப் பெண்களும் பழைய திரைச்சீலையில் உடை தைத்த அக்காலத்தில், பழமை பொதுவான கடமையாயிற்று.

போருக்குப் பின் வளர்ந்த தலைமுறைக்கு நிலைமை வேறு. வேலைவாய்ப்பும் கல்வி வசதியும் விரிந்தன. 1962ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தால் பல்கலைக்கழக மாணவர் வாழ்க்கைச் செலவுக்கு மானியம் பெறலாயினர். ஓவியக் கல்லூரிகளும் தொழிலாளர் குடும்பங்களிலிருந்து வந்தோருக்குத் திறந்துவிடப்பட்டன. கையில் ஓரளவு பணமும், நேரமும், பெற்றோரின் வறுமையைத் தாம் நேரிற் காணாத மனமும் கொண்ட இளைஞர் கூட்டம் ஒன்று முதன்முறையாகத் தோன்றிற்று. பழைய சந்தைகளிற் குவிந்து கிடந்த விக்ரோரியா, எட்வேர்ட் காலத்து உடைகள் அவர்களுக்குப் பாட்டியின் வறுமையை நினைவூட்டவில்லை.

1966ஆம் ஆண்டின் தொடக்கத்திற் கிங்ஸ் வீதியின் 488ஆம் இலக்கத்தில், ‘பாட்டி பயணம் போகிறாள்’ எனப் பொருள்படும் பெயருடன் திறக்கப்பட்ட கடை, ஷீலா கோஹன் சேகரித்துவைத்திருந்த பழைய உடைகளைக் கொண்டே தொடங்கப்பட்டது. போற்றபெல்லோ வீதியில் அதற்குச் சற்று முன்னர் தோன்றிய இன்னொரு கடை, ‘கிச்சனர் பிரபுவின் பணியாளாக இருந்தேன்’ என்ற கருத்துள்ள பெயரைச் சூடிக்கொண்டு பழைய படையுடைகளை விற்றது. 1898இற் சூடானைக் கைப்பற்றியவரும், இந்தியாவிற் படைத்தளபதியாயிருந்தவரும், 1914ஆம் ஆண்டின் ஆட்சேர்ப்புச் சுவரொட்டியில் விரல் நீட்டி நின்றவருமான கிச்சனர் பேரரசின் உருவமாகவே விளங்கியவர். பேரரசு கலைந்துகொண்டிருந்த 1960களில், அதன் படையினர் அணிந்த சிவப்புச் சட்டைகளை நீண்ட தலைமயிருடைய இளைஞர் வேடிக்கையாக அணிந்து திரிந்தனர். 1966இல் இலண்டன் வந்த ஜிமி ஹென்றிக்ஸ் என்னும் கறுப்பின அமெரிக்க இசைக் கலைஞர் பழைய குதிரைப்படைச் சட்டையுடன் மேடையேறியமை இதன் உச்சமாகும். குடியேற்ற நாடுகளின் விடுதலையும் இவ்வேடிக்கையும் ஒரே காலத்தன என்பதை மறத்தலாகாது.

1964இல் முதற் கடையைத் திறந்த பார்பரா ஹுலனிக்கியின் பீபா, வேறொரு வழியைக் கைக்கொண்டது. அது விற்றவை புத்தாடைகளே. ஆனால், அவற்றின் நிறமும் வடிவமும், கடையின் மங்கலான ஒளியும் அலங்காரமும் பழைய காலத்தை நினைவூட்டின. குறைந்த சம்பளம் பெறும் இளம் பெண்களும் வாங்கத்தக்க விலையில் அவை கிடைத்தன. 1973இற் கென்சிங்ரன் பெருந்தெருவிலே 1930களிற் கட்டப்பட்ட மாளிகைக் கடையொன்றுக்கு இடம்பெயர்ந்த பீபா 1975இல் மூடப்பட்டது. அக்கடையில் மலிவாக விற்ற உடைகளே இன்று பழம்பொருளாகச் சேகரிக்கப்படுகின்றன. கிங்ஸ் வீதியின் 430ஆம் இலக்கத்தில் மல்கம் மக்லாரனும் விவியன் வெஸ்ற்வுட்டும் 1971இல் தொடங்கிய கடையும், முன்னைய தலைமுறையின் உடைகளை விற்றே ஆரம்பித்தது. பின்னர் அதுவே பங்க் இயக்கத்தின் பிறப்பிடமாயிற்று. 1974இற் கம்டனிற் கைவினைஞர் சந்தை தோன்றியதும் பழைய உடை விற்பனை நகரின் வட பகுதியிற் பரவியது.

6

இம்மாற்றத்தை மதிப்பிடுவதில் ஆய்வாளர் ஒருமித்த கருத்தினரல்லர். பழமையைத் தேடும் இம்மனப்பாங்கு வரலாற்றை வெறும் அலங்காரமாக்குவதாகும் என்போர் உளர். இதற்கு மாறாக, றபாயல் சாமுவெல் என்னும் வரலாற்றாசிரியர் 1994இல் வெளியிட்ட நூலில், கல்வி நிலையங்களுக்கு வெளியே சாதாரண மக்கள் கடந்த காலத்தோடு உறவுகொள்ளும் வழிகளுள் இதுவும் ஒன்று என வாதிட்டார். ஏஞ்சலா மக்றொபி 1989இல் எழுதிய கட்டுரை வேறொரு பக்கத்தைச் சுட்டிற்று. இளைஞர் பண்பாட்டை ஆராய்ந்தோர் அணிந்தவரையே நோக்கினர். உடையைத் தேடிக் கண்டெடுத்து, சந்தையில் விற்றுப் பிழைத்த இளம் பெண்களின் உழைப்பை அவர்கள் காணவில்லை என்பது அவரது குற்றச்சாட்டாகும்.

மக்றொபியின் கூற்று மிக முக்கியமானது. ‘கண்டுபிடித்தல்’ என்ற சொல் இன்று பழைய உடை பற்றிய பேச்சில் அடிக்கடி அடிபடுகின்றது. மூட்டையின் அடியிற் கிடந்த உடையொன்றை நாகரிக வாடிக்கையாளர் கண்டுபிடித்ததாகக் கூறப்படுகின்றது. ஆனால், அவர் கைக்கு எட்டுமுன்னரே யாரோ ஒருவர் அதனைச் சேகரித்துள்ளார், தரம் பிரித்துள்ளார், துவைத்துத் தைத்துத் தொங்கவிட்டுள்ளார். மேயூ விவரித்த சங்கிலி இன்றும் அறுந்துவிடவில்லை. வறுமை நீங்கிய ஒருவர் அதன் கடைசிக் கண்ணியில் நிற்பதொன்றே புதியது. வறுமையில் உழல்வோர் பிறர் உடுத்துக் கழித்ததை உடுப்பின் அது இல்லாமை. வேறு உடை வாங்க வல்லவர் அதனை உடுப்பின் அது பாணி. ஒரே கோட்டு இரு தோள்களில் இரு பொருள் தருகின்றது.

இக்கடைகள் அமைந்த இடங்களின் கதியும் இதனையே காட்டும். போற்றபெல்லோ வீதியும் பிறிக் ஒழுங்கையும் வறியோரும் குடியேறியோரும் வாழ்ந்த பகுதிகளாகும். வாடகை குறைவாக இருந்தமையாலேயே சிறு கடைகள் அங்கு தோன்ற முடிந்தது. கடைகளின் புகழால் வசதி படைத்தோர் அப்பகுதிகளை நாடினர், வாடகை உயர்ந்தது, முன்னர் வாழ்ந்தோரிற் பலர் அகல நேர்ந்தது.

7

இன்றைய நிலையிற் பழைய உடையின் வரலாற்றை இலண்டனின் எல்லைக்குள் அடக்கிவிட முடியாது. புத்தாடை முன்னொருபோதும் இல்லாத அளவுக்கு மலிந்துள்ளது. அதனைத் தைப்போர் இப்பொழுது கிழக்கு இலண்டனில் அன்று. பங்களாதேசத்திலும் வியட்நாமிலும் இலங்கையிலும் உள்ளனர். 1977இன் பொருளாதாரத் திறப்புக்கும் 1978இற் கட்டுநாயக்காவில் அமைந்த சுதந்திர வர்த்தக வலயத்துக்கும் பின்னர், கிராமங்களிலிருந்து சென்ற இலங்கைப் பெண்கள் பிரித்தானியக் கடைகளுக்கான உடைகளைத் தைத்துவருகின்றனர். 2013 ஏப்ரலில் டாக்காவுக்கு அண்மையில் றாணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100க்கு மேற்பட்ட தொழிலாளர் மாண்டபோது, மலிந்த உடையின் உண்மை விலை உலகுக்குப் புலனாயிற்று. பழைய உடையை நாடும் இளைஞருட் பலர் இதனை ஒரு காரணமாகக் கூறுகின்றனர், அக்காரணம் நேர்மையானதே.

ஆயினும், பிரித்தானியத் தருமக் கடைகளுக்கு வழங்கப்படும் உடைகளில் அங்கு விலைப்படாதவை மூட்டைகளாகக் கட்டப்பட்டு ஆபிரிக்கா முதலிய இடங்களுக்கு ஏற்றுமதியாகின்றன. கானாவின் தலைநகரிலுள்ள கந்தமந்தோ சந்தையில் அவை விற்கப்படுகின்றன. ‘இறந்த வெள்ளையனின் உடை’ எனப் பொருள்படும் பெயரால் அந்நாட்டார் அவற்றை அழைப்பர். உயிரோடிருக்கும் ஒருவன் இத்துணை உடைகளைக் கழித்துவிடுவான் என்பதை நம்ப முடியாமையே அப்பெயருக்குக் காரணம் எனப்படுகின்றது. இறந்தவரின் அங்கிகள் மரண சாசனத்தின் வழியே கைமாறிய பழைய இலண்டனை இப்பெயர் நினைவூட்டுகின்றது. உள்ளூர் ஆடைத் தொழிலைப் பேணும் நோக்குடன் 2016இல் றுவண்டா இத்தகைய இறக்குமதிமீது தீர்வையை உயர்த்தியது. அதற்குப் பதிலடியாக 2018இல் ஐக்கிய அமெரிக்கா அந்நாட்டு ஆடைகளுக்கு வழங்கிய வரிச் சலுகையை இடைநிறுத்தியது. பழைய உடை இன்று அரசுகளுக்கிடையிலான பிணக்குக்கும் பொருளாகியுள்ளது.

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, துணி அரிதாயிருந்த காலத்திற் பழைய உடை செல்வமாக இருந்தது என்பதும், இயந்திரம் புத்தாடையை மலிவாக்கியபோது அது இழிவாயிற்று என்பதும், புத்தாடை மிகுந்து பெருகியபோது அதுவே தனித்தன்மையின் சின்னமாயிற்று என்பதும் புலப்படும். இம்மூன்று நிலைகளிலும் மாறாதிருந்தது ஒன்றே: உடையைத் தைத்தவரும், சேகரித்தவரும், திருத்தியவரும் அதன் மதிப்பிற் பங்கு பெறவில்லை. கண்ணாடிப் பேழையிலுள்ள பட்டங்கியின் அருகே அதனை அணிந்த சீமாட்டியின் பெயர் பொறிக்கப்படுவதுண்டு. அதன் மடிப்புகளைத் தைத்த பெண்ணின் பெயர் பெரும்பாலும் எங்கும் இல்லை. ஹவுண்ட்ஸ்டிச்சின் கந்தை மூட்டைகளிலிருந்து கட்டுநாயக்காவின் தையல் இயந்திரங்கள் வரை நீளும் இவ்வரலாற்றை அணிந்தோரின் பக்கமிருந்து எழுதியது போதும். உழைத்தோரின் பக்கமிருந்து அதனை எழுதும் பணி வரலாற்று மாணவரை எதிர்நோக்கி நிற்கின்றது.